மழைக்கு முன்னால் ஓங்கிய கை

அடித்த கையாலேயே எனக்குத் தலை பின்னிவிட்ட என் அம்மாவுக்கு,

நேற்று நம் பாப்பாரப்பட்டியில் ஆலங்கட்டி மழை. மத்தியானம் வரைக்கும் ஒரு இலைகூட அசையவில்லை. அப்புறம் மேற்கே கருத்தது, கருத்த வேகத்திலேயே காற்று வந்தது. எதிர் வீட்டுத் தகரக் கூரையைப் பிய்த்து ரோட்டில் வீசியது. பஸ் நிற்கிற இடத்துப் புளியமரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்து கரண்ட் கம்பியோடு தொங்கியது. கல் விழுந்த சத்தம், நம் வீட்டு ஷீட் மேல் யாரோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி இருந்தது.

அதற்கெல்லாம் முன்னாலேயே என் தலைக்குள் ஆரம்பித்துவிட்டது. உனக்குச் சொல்லவா வேண்டும்? வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்து. அப்புறம் அதே இடத்தில் இன்னொரு குத்து. வெளிச்சத்தைப் பார்த்தால் வாந்தி வருகிறது, சத்தம் கேட்டால் யாரையாவது கொல்லலாம் போல இருக்கிறது.

நேற்று என் கை ஓங்கிவிட்டது அம்மா. உன் பேத்தி யாழினியின் மேல். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். யாராவது படிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். குறுக்கே பேசாமல் கேட்டால் நல்லது, அந்தப் பழக்கம் உனக்குக் கிடையாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் புளி மண்டிக் களத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். மாசி பிறந்தால் புளி வந்து இறங்கும். ஓடு உடைத்து, நார் உருவி, கல்லில் வைத்து இரும்புக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பீர்கள். நீயும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும். டொக், டொக், டொக் என்று விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரைக்கும் அதே சத்தம். எடுத்த புளியைக் களம் முழுக்கக் காயப் போடுவார்கள். சித்திரையில் சொல்லாமல் கொள்ளாமல் மழை வரும். நனைந்த புளி கருத்துப் போகும், மண்டிக்காரர் கத்துவார்.

அந்த மழையை வானத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. உன் தலையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நீ முந்தானையைக் கிழிக்கிற மாதிரி இழுத்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் போதும், களத்தில் ஒரே பரபரப்பு.

"சரோசாவுக்குத் தல புடிச்சிக்கிச்சு! புளிய அள்ளுங்கடி, அள்ளுங்க!"

வானம் சுத்தமாக இருக்கும். ஒரு மேகம் இருக்காது. ஆனாலும் அள்ளுவார்கள், கொஞ்ச நேரத்தில் இடி இடிக்கும். மண்டிக்காரர் மனைவி அதில் அப்படியே பூரித்துப் போவார். "உன் தலவலி நல்லா இருக்கணும்டி சரோசா. ரேடியோல சொல்றதெல்லாம் பொய்யி, உன் தல பொய் சொல்லாது." எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், கண்ணை மூடிக்கொண்டு.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உன்னைப் படுக்கச் சொன்னார்களா ஒருத்தராவது? ஒரு சொம்புத் தண்ணீர்? படுக்கிற நேரமா அது, அள்ளுகிற நேரம். தலை பிளக்கிற அந்த நேரத்தில்தான் நீ குனிந்து நிமிர்ந்து கூடை கூடையாகச் சுமந்தாய். காலையில் குடித்த ஒரு டீயோடு. உன் வலி ஊருக்கு உதவியது, அதனால் அது நோய் என்று ஊருக்குத் தோன்றவே இல்லை. மழை சொல்லும் தலை என்று பேர் வைத்து மரியாதையாக அதை வேலை வாங்கினார்கள்.

அப்புறம் நீ வீட்டுக்கு வருவாய். நானும் தம்பி குமாரும் இருப்போம்.

அம்மா, நான் இதை நாசூக்காகச் சொல்லப் போவதில்லை. நீ எங்களை அடித்தாய். விறகால் அடித்தாய், கரண்டியால் அடித்தாய், கையில் எது இருந்ததோ அதால் அடித்தாய். தட்டு கீழே விழுந்தால் அடி. கதவு டமார் என்றால் அடி. குமார் தும்மியதற்கு ஒருநாள் அடித்தாய், ஞாபகம் இருக்கிறதா? புளி தட்டுகிற கட்டை இடுப்பில் செருகியபடியே வந்திருந்தாய். அவன் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணில் வழிய அவன் அழக்கூட இல்லை, அழுதால் சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

நாங்கள் உன்னைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். நீ அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டால் ஆபத்து. குழம்பு வாசனைக்கு மூக்கைப் பொத்தினால் ஆபத்து. அப்போதே இருவரும் ஏரிக்கரைக்கு ஓடிவிடுவோம். மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம், ஏனென்றால் மழை வந்துவிட்டால் நீ வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிவிடுவாய். தூங்கி எழுந்தால் வேறு ஆள். என்னை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து, ஒரு முடிகூட இழுபடாமல் பின்னிவிடுவாய். குமாருக்குக் களி கிண்டி நடுவில் குழி பறித்து நெய் ஊற்றுவாய். ஒரு வார்த்தை, ஏன் அடித்தேன் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததில்லை. நாங்கள் கெட்ட பிள்ளைகள், அதனால் அடி விழுகிறது என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம்.

உனக்கும் அடி விழுந்தது. நீ சுருண்டு படுத்து அடுப்பு மூட்டாத நாட்களில் அப்பா உதைத்தார். "மழ வந்தா இவளுக்கு நோவு வந்துடும், வேல செய்யாத இருக்க நல்ல சாக்கு" என்றார். அவர்தான் உன்னை அழைத்துப்போய் நெற்றிப் பொட்டில் சூடு வைக்கச் செய்தார். அந்தத் தழும்பை நீ பெரிய பொட்டு வைத்து மறைத்தாய். பொட்டு நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிறதே என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நான் அவர்களை அடித்தேன்.

கடைசியில் உன்னைக் கொன்றது மழையும் அல்ல, அப்பாவும் அல்ல. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கிய மாத்திரை. முதலில் மழைக்கு முன்னால் மட்டும் போட்டாய். அப்புறம் வெயிலுக்கும் போட்டாய். அப்புறம் காலையில் டீயோடு தினமும். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் உன் கிட்னி ரெண்டும் போயிடுச்சு என்று சொன்னபோது நீ என்ன கேட்டாய் தெரியுமா? "இங்க தலவலிக்கு மாத்திர குடுப்பாங்களா?" என்று கேட்டாய். யாழினி அப்போது தொட்டிலில் இருந்தாள். குமார் கொள்ளி வைத்தான். அழவில்லை.

உன்னை எரித்த பிறகு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் சித்திரையில் எனக்கு வந்தது.

நான் தையல் வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், ஊசி இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் கண்ணுக்குள் கத்தி. ஒவ்வொரு கோடை மழைக்கும் வந்தது. மழை வராத புழுக்கத்துக்கும் வந்தது. உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் வந்தது. உன் மருமகன் தக்காளி லோடு அடித்துவிட்டு வந்து பார்த்தால் நான் சமையல் மேடைக்குக் கீழே இருட்டில் தலையை முட்டிக்கொண்டு இருப்பேன். அவர் நல்ல மனுஷன். திட்டாமல் வண்டியில் ஏற்றித் தருமபுரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட வயது குறைவு. எல்லாம் கேட்டுவிட்டு, "இந்தத் தலவலி உங்க வூட்டுல வேற யாருக்காச்சும் இருந்துச்சாம்மா? உங்க அம்மாவுக்கு?" என்றார்.

"தலவலின்னு மாத்திர போடுவாங்கங்க. ஆனா எங்கம்மாவுக்கு இருந்தது கோவம்தாங்க."

"எப்பல்லாம் கோவம் வரும்?"

"மழைக்கு முன்னாடிங்க."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, ஊர் மெச்சிய அந்தத் தலையும் எங்களை அடித்த அந்தக் கையும் ஒரே நோவு என்று. டாக்டரும் எழுதுவதை நிறுத்திவிட்டார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள், யாரும் உள்ளே வரவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாகப் படுத்து எழுந்த உன்னை, ஊர் தெரியாத ஒரு டாக்டர் கேட்ட கேள்வியில்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஒற்றைத் தலைவலி என்று அதற்குப் பேர் இருக்கிறது அம்மா. மைக்ரேன் என்கிறார்கள். குடும்பத்தில் ஓடுமாம். மழைக்கு முன்னால் காற்றின் அழுத்தம் இறங்கும், சில பேருடைய தலைக்கு அது தெரிந்துவிடும், எல்லாருக்கும் அப்படி இல்லை என்றார். "ஆனா மழ தனியா வர்றதில்லம்மா. கூட்டாளிங்களோட வருது. ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும், காலைல சாப்பிட்டிருக்க மாட்டீங்க, தண்ணி குடிச்சிருக்க மாட்டீங்க, கண்ணு கூசற வெயில்ல நின்னிருப்பீங்க. வானத்த என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்தக் கூட்டாளிங்கள வெட்டி விடலாம்."

கொட்டாவி வருகிறதே, கழுத்து இறுகுகிறதே, அப்போதே மாத்திரை போட்டுவிட வேண்டுமாம். தலை வெடித்த பிறகு போட்டால் பாதிதான் கேட்கும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது, தொட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்க வேறு மாத்திரை இருக்கிறது, அதைத்தான் இப்போது தினமும் போடுகிறேன். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுகிறேன். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். தெருவில் போட்டுக்கொண்டு போனால், "என்னா கலா, சினிமாவுக்குப் போறியா?" என்று கேட்கிறார்கள். போகட்டும். வெள்ளிக்கிழமைப் பட்டினியை விட்டுவிட்டேன், சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் வந்து பேசட்டும்.

இது எல்லாம் உன் காலத்திலும் இருந்திருக்கும்தானே? உன்னை அந்தச் சூடு வைக்கிறவனிடம் கூட்டிப்போன அதே பஸ் தருமபுரிக்கும் போனதே. நினைத்தால் அந்த மண்டிக் களத்தைப் போய்க் கொளுத்திவிடலாம் போல இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே குமாருக்குப் போன் போட்டேன். அவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். உன் போட்டோ அவன் வீட்டில் இல்லை.

"கொமாரு, அம்மாவுக்கு இருந்தது கோவம் இல்லடா. நோவு. மழைக்கு முன்னாடி வர்ற தலவலி. எனக்கு வந்திருக்குது பாரு, அதேதான்."

"சரி."

"சரின்னா?"

"உனக்கும் அதே நோவுதானக்கா? நீ யாழினிய அடிச்சியா?"

"இல்லடா."

"அப்புறம் என்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற?"

வைத்துவிட்டான். நீ சொல். வலித்தால் அடிக்கலாமா அம்மா? அவன் கேட்டது நியாயம் என்று ஒரு பக்கம் தோன்றியது. எனக்கு மாத்திரை இருக்கிறது, கூட்டிப்போகப் புருஷன் இருக்கிறான், உனக்கு என்ன இருந்தது என்று இன்னொரு பக்கம் வாதாடினேன். ஆனால் அன்றிலிருந்து என் வலது கையைப் பார்த்தாலே பயமாக இருந்தது. அப்படியே உன் கை. அதே நீள விரல், அதே முண்டு முண்டான கணு.

இனி நேற்றைக்கு வருகிறேன். முகூர்த்த நாள் நெருங்குகிறது, ஒரு கல்யாண வீட்டு ரவிக்கை எல்லாம் என்னிடம். முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் சாப்பிட மறந்தேன். மத்தியானம் கொட்டாவி வந்தது, இன்னும் ஒரே ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துவிட்டு மாத்திரை போடலாம் என்று மிஷினை மிதித்தேன். டாக்டர் சொன்ன கூட்டாளிகள் மொத்தப் பேரையும் நானே வாசல் திறந்து உள்ளே விட்டேன் என்று வைத்துக்கொள்.

காற்று அடித்ததும் கரண்ட் போனது. ஜன்னல் கதவு சுவரில் மோதி மோதித் திரும்பியது. ஒவ்வொரு மோதலும் என் மண்டைக்குள். எழுந்து அதைச் சாத்தக்கூட முடியவில்லை, தரை சாய்ந்தது. வாய் முழுக்கக் கசப்பு. அப்போதுதான் வாசலில் இருந்து யாழினி ஓடிவந்தாள். எவர்சில்வர் தட்டு நிறைய ஆலங்கட்டி. என் காதருகே கொண்டுவந்து குலுக்கினாள்.

"அம்மா! ஐசு! பாரும்மா, வானத்துல இருந்து ஐசு!"

தட்டில் கல் உருண்ட சத்தம் அம்மா. எனக்கு அதற்கப்புறம் கண் தெரியவில்லை. துணி வெட்டுகிற மேஜையில் மர ஸ்கேல் இருந்தது. என் கை அதை எடுத்தது. என் கை மேலே போனது. அவள் தலை எங்கே இருக்கிறது என்று குறி பார்த்தது. அந்த ஒரு கணம் எனக்குள் இரக்கம் இல்லை, அவள் என் பிள்ளை என்ற நினைப்பு இல்லை. அந்தச் சத்தத்தை உடைக்க வேண்டும், அவ்வளவுதான். உன்னை அந்தக் கணத்தில் முழுசாகப் புரிந்துகொண்டேன், அதுவே எனக்குப் பயங்கரமாக இருந்தது.

யாழினி நிமிர்ந்து ஸ்கேலைப் பார்த்தாள்.

"என்னம்மா, அளக்கணுமா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றாள். இரண்டு கையையும் அகல விரித்தாள். ஸ்கூல் திறக்கப் போகிறது, புது யூனிபாரத்துக்கு அளவு எடுப்பேன் என்று சொல்லியிருந்தேன். ஓங்கிய கை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது அம்மா. இதுவரைக்கும் யாரும் அவளை அடித்ததில்லை. நானும் குமாரும் அந்த வயதில் உன் நிழல் ஆடினாலே குனிந்து தலையைப் பொத்திக்கொள்வோம். இவள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஸ்கேல் இறங்கியது. மேஜை விளிம்பில் இறங்கி இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு பறந்துபோய்ச் சாமி படத்துக் கண்ணாடியை உடைத்தது. யாழினி அலறிவிட்டாள். நான் அவளைக் கட்டிப் பிடிக்கவில்லை, என் கையை நான் நம்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மாவுக்குத் தலைக்குள்ள ரொம்ப வலிக்குது பாப்பா. உன் மேல கோவம் இல்ல. நீ ஒண்ணுமே தப்பு பண்ணல. அம்மா உள்ள போயி கதவ சாத்திக்கறேன். நீ அந்தக் கண்ணாடிகிட்ட போவாத, கட்டில் மேல ஏறி உக்காந்துக்கோ."

இந்த நாலு வார்த்தையை நீ எங்களிடம் சொல்லியிருக்கலாம். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டு உள் அறையில் இருட்டில் விழுந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் விசும்புவது கேட்டது. அப்புறம் அது நின்றது. அப்புறம் கதவைத் தட்டினாள், நகத்தால் சுரண்டுகிற மாதிரி, சத்தமே வராமல். திறந்தால் ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஆலங்கட்டியைப் பொட்டலம் கட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"தலைக்கு வெச்சிக்கோம்மா. சில்லுனு இருக்கும்."

எத்தனை முறை நான் ஈரத்துணி வைத்துக்கொண்டு படுத்ததைப் பார்த்திருப்பாளோ. வலது கண்மேல் அதை வைத்துக்கொண்டு கிடந்தேன். ஐஸ் கரைந்து காதுக்குள் தண்ணீர் போனது. அழுதேன். அழுதால் தலைவலி கூடும் என்று தெரிந்தும் அழுதேன்.

இன்று காலையில் தலை தெளிந்தது. குமாருக்குப் போன் போட்டேன்.

"ஓங்கிட்டேன்டா."

பின்னால் கம்பெனி மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "அடிச்சியா?" என்றான்.

"இல்ல. மேஜையில அடிச்சேன். ஒடஞ்சிடுச்சு."

மறுபடியும் மிஷின் சத்தம். நான் அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"மாத்திர போட்டியாக்கா?"

என் பிறந்த வீட்டில் இந்த வலியைப் பற்றி ஒரு ஆம்பளை கேட்ட முதல் நல்ல கேள்வி அது. உன்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா? நாங்கள் கேட்கவில்லை, நாங்கள் ஏரிக்கரையில் இருந்தோம்.

குமார் உன்னை மன்னிப்பானா என்று எனக்குத் தெரியாது, நான் அவனைக் கேட்கவும் மாட்டேன். கிழிந்த புருவம் அவனுடையது. நானும் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உனக்கு வலித்தது என்பது எனக்குத் தெரியும், எங்களுக்கும் வலித்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

தலைவலி வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மழை என் பேச்சைக் கேட்காது. நாளைக்கு யாழினிக்கே வந்தாலும் வரலாம், ரத்தத்தில் இருக்கிறதாம். வந்தால் அதன் பேரை முதல் நாளே அவளுக்குச் சொல்லிவிடுவேன். கொட்டாவி வந்ததும் நான் வாய்விட்டுச் சொல்வேன், வேலையை எறிந்துவிட்டு இருட்டில் படுப்பேன், ரவிக்கை இல்லாமல் கல்யாணம் நின்றால் நிற்கட்டும். என் கையை நான் பிடித்துக்கொள்வேன் அம்மா. அவள் கல்யாணம் முடிந்து பிள்ளை பெற்ற பிறகும், அவளுக்கு நேராக யார் கை ஓங்கினாலும் அளவு எடுக்கத்தான் என்று அவள் நினைக்க வேண்டும்.

உன் மூத்த மகள்,
யாழினியின் அம்மா,
கலா